காற்று நிற்காத பழைய பம்ப் ஏர் ரைஃபிள்: ஷெரிடன் புளூ ஸ்ட்ரீக்கைச் சரிசெய்யும் முறை

பழைய பம்ப் ஏர் ரைஃபிளோடு வருகிறவர்கள் அத்தனை பேரும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: எவ்வளவு அடித்தாலும் காற்று நிற்பதில்லை. எந்த வழியாகப் போகிறது என்று கேட்டால் தெரியாது என்பார்கள். ஆனால் ஸ்குரூ டிரைவர் மட்டும் ஏற்கனவே கையில் இருக்கும். காற்று போகும் வழியைக் கண்டுபிடிக்காமல் ஒரு திருகைக்கூடத் தொடாதீர்கள். இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இது ஒன்றைத்தான். இந்தத் துப்பாக்கிகளில் பாதிக்குமேல் கழற்றவே தேவையில்லாதவை.

நான் கோயம்புத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தவன். தண்ணீர் பம்புக்கான சாமான்கள் கடைந்தே வயது போனது. இப்போது மகள் குடும்பத்தோடு அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தில் மில்வாக்கிக்குத் தெற்கே இருக்கிறேன். பக்கத்து ஊர் ரசீன். கேஸ் என்ற கம்பெனியின் டிராக்டர் பிறந்த அதே ரசீனில்தான் ஷெரிடன் ஏர் ரைஃபிளும் பிறந்தது. வாக்கர்ஹாகன், கிரவுஸ் என்ற இருவர் தொடங்கிய கம்பெனி. 1947இல் அவர்கள் முதலில் கொண்டுவந்த மாடல் ஏ அருமையான வேலைப்பாடு. விலை 56.50 டாலர். அந்தக் காலத்துக்கு அது பெரிய பணம் என்பதால் அதிகம் விற்கவில்லை. 1949இல் செலவைக் குறைத்து மாடல் சி வந்தது. கறுப்புப் பூச்சு போட்டது புளூ ஸ்ட்ரீக், நிக்கல் முலாம் போட்டது சில்வர் ஸ்ட்ரீக். பிறகு 1977இல் பெஞ்சமின் கம்பெனி ஷெரிடனை வாங்கியது, 1992இல் இரண்டையும் கிராஸ்மன் வாங்கியது. கை மாறினாலும் அடிப்படை அமைப்பு பல பத்தாண்டுகள் பெரிதாக மாறவில்லை. அதனால் இந்த வட்டாரத்தில் வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கும் கராஜ் சேல் எங்கு நடந்தாலும் மூலையில் ஒரு புளூ ஸ்ட்ரீக் சாய்ந்திருக்க வாய்ப்பு உண்டு. நான் பழுது பார்ப்பதும் பெரும்பாலும் இவற்றைத்தான். பெஞ்சமின், கிராஸ்மன் பம்ப் ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்கும் இங்கே சொல்வதில் முக்கால்வாசி பொருந்தும்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒன்று. ஷெரிடனின் குழல் 5 மில்லிமீட்டர். இந்தியாவில் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 0.177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட குழலோ 20 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலோ உள்ள ஏர் கன்னுக்கு உரிமம் வேண்டும். வெளிநாட்டில் இருந்து யாராவது கொண்டுவந்து தருகிறேன் என்றால் யோசித்துச் சம்மதியுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

துப்பாக்கியின் அடியில் இருக்கும் மரக்கைப்பிடிதான் பம்ப் லீவர். அதை முன்னால் திறந்து மூடும்போது, குழலுக்குக் கீழே உள்ள பித்தளைக் குழாயில் ஒரு பிஸ்டன் போய் வருகிறது. பிஸ்டன் தலையில் கிண்ண வடிவில் ஒரு வாஷர். நம்மூர் அடிபம்பில் மாட்டுகிற பக்கெட் வாஷர் இருக்கிறதே, அதன் குட்டித் தம்பி இது. வேலையும் அதே வேலைதான்: அழுத்தம் வந்ததும் உதடு விரிந்து குழாய்ச் சுவரை அடைத்துக்கொள்ள வேண்டும்.

பிஸ்டன் தள்ளும் காற்று ஒரு வால்வைத் திறந்துகொண்டு சின்ன அறைக்குள் போகும். திரும்பி வர அந்த வால்வு விடாது. இதை உள்வால்வு என்று வைத்துக்கொள்வோம். அறையின் மறுபக்கம் இன்னொரு வால்வு, அது வெளிவால்வு. டிரிகரை இழுத்தால் பின்னால் இருக்கும் சுத்தியல் ஸ்பிரிங்கின் வேகத்தில் வந்து வெளிவால்வின் தண்டைத் தட்டும். வால்வு கண நேரம் திறக்கும், அறையில் இருந்த காற்று குழலுக்குள் பாய்ந்து குண்டைத் தள்ளும்.

ஆக, காற்று தப்பிக்க மூன்று இடம்தான்: கப் வாஷர், உள்வால்வு, வெளிவால்வு. நான்காவதாக, குண்டைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் போல்ட்டின் முனையைச் சொல்லலாம். அங்கே கசிந்தால் காற்று நிற்கும், ஆனால் சுடும்போது வேகம் குறையும்.

முதலில் பத்திரம்

வேலையைத் தொடங்கும்முன் போல்ட்டைப் பின்னால் இழுத்து உள்ளே குண்டு இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணை நம்பாதீர்கள். பழைய துப்பாக்கிகளில் குழல் நடுவில் சிக்கிய குண்டு வருடக்கணக்காகக் கிடக்கும். வாய்ப்பக்கமாகத் துடைப்புக் கம்பியை மெல்ல விட்டு, முனை போல்ட் வரை வந்து சேர்கிறதா என்று சரிபாருங்கள். வரவில்லை என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது.

அடுத்து, அறையில் காற்று இருக்கலாம். மண் நிரப்பிய பெட்டியைப் பார்த்து டிரிகரை இழுங்கள். மறுபடி காக் செய்து, அதாவது சுத்தியலைப் பின்னால் இழுத்துக் கொக்கியில் நிறுத்தி, இன்னொரு முறை இழுங்கள். இரண்டாவது முறையும் "பட்" என்று காற்றுச் சத்தம் கேட்டால் அதைக் குறித்து வையுங்கள். அது ஒரு தடயம், பின்னால் சொல்கிறேன்.

அழுத்தம் உள்ளே இருக்கும்போது எந்தத் திருகையும் கழற்றக் கூடாது. மூக்குக் கண்ணாடி போடாதவர்களும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டே ஆக வேண்டும். குண்டெல்லாம் ஈயம், ஆகவே வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் காப்பி டம்ளரைத் தொடாதீர்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பிரித்த சாமான்களை மேஜையில் விட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள்.

கழற்றாமல் கண்டுபிடிப்பது

எண்ணெய் விடாமல் எந்தச் சோதனையும் செய்யாதீர்கள். லீவரை முழுக்கத் திறந்தால் பித்தளைக் குழாயின் அடியில் நீளமாக ஒரு வெட்டு தெரியும். அதற்குள் கப் வாஷருக்குப் பின்னால் ஃபெல்ட் துணி வளையம் ஒன்று இருக்கிறது. அதுதான் எண்ணெயைப் பிடித்து வைத்து ஒவ்வொரு அடிக்கும் குழாயில் தடவுகிறது. பழைய துப்பாக்கியில் அது காய்ந்து அட்டையாகக் கிடக்கும். சோப்பு கலக்காத, அதாவது டிடர்ஜென்ட் சேர்க்காத 20 எடை எண்ணெய் சில சொட்டு விடுங்கள். கிராஸ்மன் விற்கும் பெல்கன் ஆயில் இதற்கென்றே உள்ளது. விட்டு, லீவரை மெதுவாகப் பலமுறை திறந்து மூடி, ஒரு இரவு அப்படியே வையுங்கள்.

எந்த எண்ணெய் என்பதில் பிடிவாதமாக இருங்கள். துரு நீக்கும் ஸ்பிரே எண்ணெயை அடிக்காதீர்கள், அது இருக்கிற பழைய எண்ணெயையும் கழுவிக்கொண்டு ஆவியாகிவிடும். சைக்கிள் பம்ப் வாஷருக்குத் தேங்காயெண்ணெய் விட்டுப் பழகியவர்கள் நாம். இங்கே அது வேண்டாம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும், விஸ்கான்சின் குளிரில் வருடத்தில் பெரும்பகுதி அது கெட்டிதான். மிகப் பழைய பெஞ்சமின் துப்பாக்கிகளில் கப் வாஷரே தோலால் ஆனது. அதற்கு மட்டும் மாட்டுக்கால் எண்ணெய் பொருத்தமானது. தோல் மெதுவாகத்தான் குடிக்கும், இரண்டு நாள் விடுங்கள்.

காய்ந்த ரப்பர் வாஷர்களுக்கு ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் எண்ணெய் விடுகிறவர்கள் இங்கே நிறையப் பேர். சுருங்கிய ரப்பரை அது கொஞ்சம் உப்ப வைக்கும் என்பது உண்மை. நல்ல வாஷர் கிடைக்கும்வரை காலம் தள்ள அது உதவும். விரிந்து போன ரப்பர் பிறகு மெத்தென்று கரையத் தொடங்கினால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

இனி சோதனை. போல்ட்டைத் திறந்து காக் செய்துவிட்டுத்தான் பம்ப் அடிக்க வேண்டும். காக் செய்யாவிட்டால் சுத்தியல் வெளிவால்வின் தண்டில் சாய்ந்தபடி இருக்கும், அடிக்கும் காற்று அப்படியே வெளியேறும். கெட்டுவிட்டது என்று தூக்கி வந்த துப்பாக்கி இந்த ஒரு காரியத்தில் சரியானதைப் பார்த்திருக்கிறேன். குண்டு போடாமல், வாயைப் பாதுகாப்பான பக்கம் நீட்டி, மூன்று அடி அடியுங்கள். லீவர் கையில் என்ன சொல்கிறது என்று கவனியுங்கள்.

மூன்று அடியிலும் லீவர் லேசாக, எந்த எதிர்ப்பும் இல்லாமல் மூடினால் கப் வாஷர் காற்றைப் பிடிக்கவில்லை. எண்ணெய் ஊறிய பிறகும் அப்படியே என்றால் கிழிந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது.

அடிக்கும்போது எதிர்ப்பு இருக்கிறது, ஆனால் கையை விட்டதும் லீவர் தானாகவே திறந்துகொண்டு வருகிறது என்றால் உள்வால்வு கசிகிறது. அறைக்குள் போன காற்று திரும்பி வந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. இந்த அறிகுறியில் சந்தேகத்துக்கே இடமில்லை.

லீவர் மூடியபடி இருக்கிறது, ஆனால் குழல் பக்கம் மெல்லிய சீறல் கேட்கிறது என்றால் வெளிவால்வு. சத்தம் தெளிவாகக் கேட்காவிட்டால் ஒரு பலூனைக் குழலின் வாயில் மாட்டி, போல்ட்டை மூடி வையுங்கள். சிறு கசிவாக இருந்தாலும் பலூன் மெல்ல உப்பும். காதை வைத்துக் கேட்பதோ விரலால் அடைத்துப் பார்ப்பதோ கூடவே கூடாது. அறையில் காற்று இருக்கும் துப்பாக்கி அது. பிறகு அந்தக் காற்றைச் சுட்டு வெளியேற்றும் முன் பலூனைக் கழற்றிவிடுங்கள்.

காற்று மணிக்கணக்கில் நிற்கிறது, சுட்டால் மட்டும் குண்டு சோம்பலாகப் போகிறது என்றால் முன்னால் சொன்ன தடயத்துக்குப் போங்கள். எட்டு அடி அடித்துச் சுட்டபின், பம்ப் செய்யாமல் மறுபடி காக் செய்து சுட்டால் காற்றுச் சத்தம் வருகிறதா? வந்தால் சுத்தியலின் ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது அல்லது சுத்தியல் போகும் பாதையில் பழைய கிரீஸ் கெட்டியாகி இழுக்கிறது. வால்வை முழுதாகத் திறக்க அதற்குப் பலமில்லை. சத்தமே வராவிட்டால் போல்ட் முனையில் கசிவு அல்லது தவறான குண்டு. 5 மில்லிமீட்டர் குழலுக்கு 0.177 குண்டைப் போட்டால் அது குழலைத் தொடாமலே உருண்டு வரும். எளிய விஷயம்தான், ஆனால் கடையில் தாராளமாகக் கிடைப்பது 0.177உம் 0.22உம் என்பதால் பலர் இப்படிப் போடுகிறார்கள்.

டிரிகரை இழுத்தும் சுடவே இல்லை என்றால் அதிகமாக அடித்திருப்பார்கள். புளூ ஸ்ட்ரீக்குக்கு மூன்று முதல் எட்டு அடி வரைதான் கணக்கு. அதற்கு மேல் போனால் உள்ளிருக்கும் அழுத்தம் வெளிவால்வை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும், சுத்தியல் தட்டினாலும் திறக்காது. பாதுகாப்பான திசையில் நீட்டி மறுபடி மறுபடி காக் செய்து சுட்டுப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் எழுதி ஒட்டி, பூட்டி வைத்துவிடுங்கள். நாட்கள் போகப் போகக் காற்று தானாக இறங்கும். அந்த நிலையில் பின்மூடியைத் திறக்கப் பார்ப்பது ஆபத்து.

கப் வாஷர் மாற்றுவது

குறை கப் வாஷரில் என்று உறுதியானால் வேலை பெரிதல்ல. மரக்கட்டையைப் பிடித்திருக்கும் திருகை எடுத்துக் கட்டையைக் கழற்றி ஓரமாக வையுங்கள். திருகின் வெட்டுக்குச் சரியான அகலமுள்ள ஸ்குரூ டிரைவர் வேண்டும். சின்னதை வைத்துத் திருகி வாயைச் சிதைத்தால் அந்தத் துப்பாக்கியின் முகமே கெட்டுப்போகும். இங்கே இவற்றைத் தாத்தா சொத்தாக வைத்திருக்கிறார்கள், ஒரு கீறல் விழுந்தாலும் வருத்தப்படுவார்கள்.

லீவரின் முன்முனையில் ஒரு பின் இருக்கும். அதைப் பித்தளைப் பன்ச் வைத்துத் தட்டி எடுத்தால் லீவரும் பிஸ்டனும் சேர்ந்து முன்பக்கமாக வெளியே வரும். தட்டும்போது அடியில் மரத்துண்டு கொடுங்கள். பித்தளைக் குழாயை நேராக வைஸில் கடிக்க விடாதீர்கள், துளி நசுங்கினாலும் குழாய் வட்டம் இழந்து எந்த வாஷரும் நிற்காது.

குழாயின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய எண்ணெய் பச்சையாக ஒட்டியிருக்கும். குச்சியில் துணி சுற்றி மண்ணெண்ணெயில் நனைத்துத் துடையுங்கள். மெருகு மங்கியிருந்தால் பித்தளை பாலிஷ் போதும். எமரித் தாள் போடாதீர்கள்; அது போடும் நுண்கீறல் ஒவ்வொன்றும் காற்றுக்கு வாய்க்கால்.

புது வாஷரைப் பிஸ்டனில் மாட்டியாயிற்று. ஃபெல்ட் வளையத்தையும் புதிதாக வெட்டி மாட்டி எண்ணெயில் ஊறவைத்தாயிற்று. இனி உள்ளே செலுத்தும் இடத்தில்தான் பெரும்பாலோர் வேலையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். லீவர் அசைவதற்காகக் குழாயின் அடியில் நீள வெட்டு இருக்கிறது என்றேன் அல்லவா, அதன் இரு ஓரமும் கத்தி. வாஷர் அதைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். வெறுமனே தள்ளினால் உதட்டில் மெல்லிய இழை சீவிக்கொண்டு வரும். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. துப்பாக்கியை மூடி, அடித்துப் பார்த்து, புது வாஷரே மோசம் என்று விற்றவரைத் திட்டுவார்கள்.

இதைத் தவிர்க்க, குளிர்பான பாட்டிலில் இருந்து மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றை வெட்டிக்கொள்ளுங்கள். வெட்டை மூடும் அகலமும், வெட்டைவிடக் கொஞ்சம் கூடுதல் நீளமும் இருக்கட்டும். அதைக் குழாயின் உட்சுவரோடு வளைத்து வைத்து, எண்ணெய் தடவி, வாஷரை அதன்மேல் வழுக்கியபடி மெல்லத் திருகித் திருகித் தள்ளுங்கள். உதடு வெட்டைத் தாண்டியதும் பிளாஸ்டிக்கை வெளியே உருவிவிடலாம். வெட்டின் ஓரம் மிகக் கூராக இருந்தால் பொடி அரத்தால் உள்முனையை லேசாக மழுக்கலாம், ஆனால் பித்தளைத் தூள் முழுவதையும் துடைத்து எடுத்த பிறகே வாஷர் உள்ளே போகலாம். பொறுமையாகச் செய்தால் பத்து நிமிட வேலை. இந்தப் பத்து நிமிடத்தில் அவசரப்படாதவருக்கு வாஷர் பல வருடம் உழைக்கும்.

பிஸ்டன் தலை எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்பதும் முக்கியம். லீவர் முழுதாக மூடும்போது வாஷரின் முகம் வால்வின் முகத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். நடுவே இடைவெளி இருந்தால் அங்கே தங்கும் காற்று அறைக்குள் போகாது, ஒவ்வொரு அடியிலும் அந்த அளவு வீண். ஷெரிடனின் பிஸ்டன் தலை மரையில் அமைந்திருப்பதால் திருகிக் கூட்டிக் குறைக்கலாம். கடைசி அரை அங்குலத்தில் லீவர் இலேசாக அழுத்தம் கேட்டு மூடினால் சரியான அளவு. கட்டாயப்படுத்தி மூட வேண்டியிருந்தால் அதிகம். அப்படியே விட்டால் லீவர் பின் தேய்ந்து ஓட்டை பெரிதாகும்.

வால்வைத் திறப்பது

வால்வுதான் குறை என்றால் முதலில் எண்ணெயை அங்கேயும் ஒருமுறை போகவிட்டுப் பாருங்கள். பிஸ்டனுக்கு முன்னால் சில சொட்டு விட்டு அடித்துச் சுட்டால் காற்றோடு எண்ணெய் வால்வுக்குள் போகும். உட்காரும் இடத்தில் தூசி ஒட்டிக் கசிந்த வால்வு இதிலேயே சரியாவது உண்டு. ஒரு வாரம் கொடுத்துப் பாருங்கள்.

அதற்கும் அடங்காவிட்டால் திறக்க வேண்டியதுதான். வால்வைப் பிடித்திருக்கும் மரைத் துண்டு பித்தளைக் குழாயின் ஆழத்தில் இருக்கிறது, முன்வாய் வழியாக நீளமான கருவி விட்டுத்தான் திருக முடியும். அதன் முகத்தில் எதிரெதிரே இரண்டு வெட்டு. கருவி விற்கிறார்கள், ஆனால் லேத் பழக்கம் உள்ளவர் யாரிடமும் சொன்னால் செய்து தருவார்: குழாய்க்குள் தளர்வில்லாமல் வழுக்கிப் போகும் இரும்புக் குழாய் ஒன்று, முனையில் வெட்டின் அகலத்துக்கு அரம் போட்ட இரண்டு பல், மறுமுனையில் குறுக்காகத் துளைத்துக் கைப்பிடிக் கம்பி. பற்களின் பக்கங்கள் செங்குத்தாக இருக்க வேண்டும். சரிவாக அரம் போட்டால் அழுத்தித் திருகும்போது பல் வெட்டை விட்டு ஏறி வரும், மென்மையான பித்தளை வாய் சிதைந்துவிடும். சிதைந்ததைக் கழற்ற வழி இருக்காது. கருவியின் உடலில் ஒரு சுற்று டேப் ஒட்டினால் குழாய்ச் சுவரில் கீறல் விழாது.

பின்பக்கத்தில் சுத்தியலும் ஸ்பிரிங்கும் அழுத்தத்தில் இருக்கின்றன. பின்மூடியைப் பிடித்திருக்கும் விதம் மாதிரிக்கு மாதிரி மாறும். எதுவானாலும் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்தபடி கடைசி மரையை விடுங்கள், மேலே துணி போர்த்திக்கொள்ளுங்கள். வெளியே எடுக்கும் ஒவ்வொன்றையும் வந்த வரிசையிலேயே வெள்ளைத் துணியில் அடுக்கி, கைபேசியில் படம் எடுங்கள். எந்த முகம் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பது படத்தில் தெரிய வேண்டும்.

வால்வு திருகு இறுகிப்போய் அசையாவிட்டால் துரு இளக்கும் எண்ணெய் விட்டு இரவு முழுக்க வையுங்கள், மறுநாள் திரும்ப முயலுங்கள். தீ மட்டும் காட்டாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். குழலும் பம்ப் குழாயும் நீளவாக்கில் ஈயப்பற்றால் ஒட்டப்பட்டவை. அப்படிப்பட்ட பற்று 200 டிகிரியை எட்டுமுன்னே இளகத் தொடங்கிவிடலாம். கேஸ் டார்ச் காட்டினால் சில நொடிகளில் குழல் தனியாக, குழாய் தனியாகக் கையில் வரும். அதை நேராகத் திரும்பப் பற்றவைப்பது நல்ல கைகாரருக்கே கஷ்டம்.

வால்வு வெளியே வந்ததும் உட்காரும் முகத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ரப்பர் அல்லது பிளாஸ்டிக் முகத்தில் வட்டமாக ஒரு பள்ளம் பதிந்திருக்கும். வட்டம் முழுதாக, சீராக இருந்தால் நல்லது. ஓரிடத்தில் அறுந்திருந்தால் அங்கேதான் காற்று போயிருக்கிறது. பழைய சாமானைச் சீர்செய்ய மெனக்கெட வேண்டாம், இவற்றுக்கான வாஷர், வால்வு செட் இன்னமும் சிறு விற்பனையாளர்களிடம் கிடைக்கிறது. வாங்கும்போது உங்கள் துப்பாக்கியின் மாதிரியைச் சொல்லி வாங்குங்கள், ஷெரிடனும் பெஞ்சமினும் ஒன்றாகத் தோன்றினாலும் எல்லாச் சாமானும் மாறாது.

வால்வு அமரும் பித்தளை இருக்கையைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அதில் கறுப்புப் படிவோ பச்சைக் களிம்போ இருந்தால் பல்குச்சி முனையில் பஞ்சு சுற்றி, பாலிஷ் தொட்டு, வட்டமாகத் தேய்த்து எடுங்கள். பிறகு ஸ்பிரிட்டில் கழுவி, காற்று ஊதிக் காயவிடுங்கள். இருக்கையின் விளிம்பைக் கூர்மையாக்கவோ மட்டமாக்கவோ முயல வேண்டாம். கம்பெனி கடைந்த வட்டத்தைக் கையால் மேம்படுத்த முடியாது. ஒரு தலைமுடி கிடந்தாலும் கசியும் என்பதால் மூடும் முன் இன்னொரு முறை பாருங்கள்.

சுத்தியல் போகும் இடத்தில் கிரீஸ் அப்பாதீர்கள். துடைத்துச் சுத்தம் செய்து மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும் போதும். குளிரில் கிரீஸ் இறுகினால் நீங்கள் மாற்றிய நல்ல வால்வும் சோம்பலாகத்தான் திறக்கும்.

டிரிகரைப் பற்றி

டிரிகர் கனமாக இருக்கிறது, அரம் போட்டு லேசாக்கித் தாருங்கள் என்று கேட்கிறவர்கள் உண்டு. நான் செய்து தருவதில்லை. டிரிகரும் சுத்தியலும் கொக்கி போடும் இடத்தில் மயிரிழை குறைந்தாலும் துப்பாக்கி கீழே இடித்தால் சுட்டுவிடும். வேலை முடிந்து ஒவ்வொரு முறையும், குண்டில்லாமல், காற்றில்லாமல் காக் செய்து, கட்டையின் அடியை ரப்பர் மேட்டில் சில முறை தட்டிப் பாருங்கள். சேஃப்டி போட்டு டிரிகரை அழுத்திப் பாருங்கள். இதில் எதிலாவது சுத்தியல் விழுந்தால் அந்தத் துப்பாக்கி வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது.

சோதித்து முடிப்பது

மூன்று அடி அடித்து, குண்டு போடாமல், எல்லாருக்கும் தெரியும்படி "காற்று உள்ளது" என்று அட்டை எழுதிக் கட்டிப் பூட்டி வையுங்கள். மறுநாள் காலை மண்பெட்டியில் சுட்டால், அப்போதுதான் அடித்த அதே சத்தம் வர வேண்டும். வந்தால் மூன்று இடமும் அடைந்துவிட்டன.

பிறகு வேகம். குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் இருந்தால் நல்லது; நல்ல நிலையில் உள்ள புளூ ஸ்ட்ரீக் எட்டு முறை பம்ப் அடித்தால் வினாடிக்கு 600 அடி தூரத்துக்குச் சற்று மேல் காட்டும். கருவி இல்லாதவர்கள் துணி துவைக்கும் கட்டிச் சோப்பைப் பின்தடுப்போடு நிறுத்தி ஐந்து முறை பம்ப் அடித்து ஒரு குண்டு, எட்டு முறை அடித்து ஒரு குண்டு சுட்டு ஆழத்தை ஒப்பிடுங்கள். இரண்டு ஆழமும் ஒன்றாகவே இருந்தால் கடைசி அடிகளின் காற்று அறைக்குள் போகவில்லை என்று அர்த்தம். பிஸ்டன் தலையின் இடைவெளியை மறுபடி பாருங்கள். எட்டு அடிக்கு மேல் அடித்து வேகத்தைக் கூட்டப் பார்க்காதீர்கள். வால்வும் லீவர் பின்னும்தான் அதற்கு விலை கொடுக்கும். தகர டப்பா சுட மூன்று, நான்கு அடியே தாராளம்.

எடுத்து வைக்கும்போது குண்டில்லாமல் ஒரே ஒரு அடி காற்று உள்ளே இருக்கட்டும். வால்வு இருக்கையில் அழுந்தி உட்கார்ந்திருக்கும், தூசி புகாது. துப்பாக்கியைக் கொடுக்கும்போது இதை உடைமைக்காரரிடம் வாயாலும் சொல்லுங்கள், தாளிலும் எழுதிக் கொடுங்கள். பருவத்துக்கு ஒருமுறை ஃபெல்ட்டில் எண்ணெய் விட வேண்டும் என்பதையும், எந்த எண்ணெய் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.